வாடை வருதுங்களா

பெட்ரோல் டேங்க் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி கடைசி நட்டை விரலாலேயே நாலு சுற்று ஏற்றி, அப்புறம் ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். அறுபத்தேழாம் வருஷத்துப் பச்சைக் கார். ரெண்டே சீட்டு, துணிக் கூரை, சீமையிலிருந்து கப்பலில் வந்தது. இந்தக் கோயமுத்தூரில் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதில் ஒரு விரல் நான். பழைய டேங்க் அடிப்பக்கம் துருவேறிச் சல்லடையாகக் கிடந்தது. இப்போது புது டேங்க், பெட்ரோல் அளவைக் காட்டுகிற புது மிதவை, அதற்கு ரப்பர் பேக்கிங், ஊற்றுகிற வாயிலிருந்து டேங்க்குக்கு இறங்கும் முழங்கை மாதிரி வளைந்த புது ஹோஸ், அதன் ரெண்டு முனைக்கும் ரெண்டு கிளிப். மூன்று நாள் வேலை. கேனிலிருந்து பத்து லிட்டர் ஊற்றியாயிற்று. இணைப்பு இணைப்பாக விரலால் தடவினேன், காய்ந்திருந்தது. வெள்ளைத் துணியால் ஒற்றினேன், வெள்ளையாகவே வந்தது. சாவியைப் போட்டதும் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பம்பு டிக்டிக்கென்று அடித்து, பெட்ரோல் நிறைந்ததும் நின்றது. நின்றால் பம்புக்கு முன்னால் போகிற பைப்பில் ஒழுகல் இல்லை. காது சொல்லிவிட்டது, விரல் சொல்லிவிட்டது, கண் சொல்லிவிட்டது. ஆனால் டேங்க்குக்கு மேலே இருக்கிற ஹோஸைப் பற்றிப் பம்புக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. முகர்ந்து பார்க்க வேண்டும். எனக்கு அது ஆகாது.

எட்டு மாசமாக எனக்கு வாசம் தெரிவதில்லை. மூக்கு அதே இடத்தில்தான் இருக்கிறது, மூச்சு போய் வருகிறது, சளி பிடித்தால் ஒழுகவும் செய்கிறது. ஆவணியில் ஒரு காய்ச்சல் வந்தது, அஞ்சு நாள் படுத்துக் கிடந்தேன், ஆறாம் நாள் எழுந்து காப்பி குடித்தால் சுடுதண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. வாய்க் கசப்பு, போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். போகப் போகப் பழகிவிட்டது, அவ்வளவுதான். காய்ச்சல் விட்டு மெக்கானிக் கடைக்குத் திரும்பிப் போன முதல் நாள் பெட்ரோல் பாட்டிலைத் திறந்து மூக்குக்கு நேராகப் பிடித்தேன். சில்லென்று ஒரு காற்று ஏறியது. பச்சைத் தண்ணீரைப் பிடித்தாலும் அதே சில்லிப்பு வருமா என்று தண்ணீர்ப் பாட்டிலையும் பிடித்துப் பார்த்தேன். அப்புறம் பெட்ரோல், அப்புறம் தண்ணீர், அப்புறம் பெட்ரோல். கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிப் பிடித்தால் எது எது என்று எனக்கே தெரியவில்லை. முப்பத்தோரு வருஷமாக எனக்கு இருந்த பேரே அந்த மூக்கால் வந்தது. பேனட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே வெள்ளிங்கிரி மோந்து சொல்லிப்போடுவான், எந்தப் பிளக்கு எரியலைன்னு, எந்த ஒயர் கருகுதுன்னு. அப்படிச் சொல்லித்தான் ஆளுக்கு ஆள் வண்டியைக் கொண்டு வந்து விடுவார்கள். நானும் அவர்கள் பார்க்கும்படியாகக் கொஞ்சம் குனிந்து, கொஞ்சம் இழுத்து முகர்ந்து, கொஞ்சம் யோசித்து, அப்புறம் சொல்லுவேன். அந்தக் குனிதலை இன்னும் விடவில்லை. இன்றைக்கும் குனிகிறேன், இழுக்கிறேன், யோசிக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை.

என் சம்சாரம் சாந்தாமணிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இருந்தேன், அடுப்பு காட்டிக் கொடுத்துவிட்டது. தை மாசம், ஞாயிற்றுக்கிழமை. பாலைச் சின்னத் தீயில் வைத்துவிட்டு அவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். காற்றில் தீ அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நடுப்பக்கம் வரைக்கும் வந்திருந்தேன். கதவைத் திறந்தவள் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அந்த மாதிரி அவள் கத்தி நான் கேட்டதில்லை. விளக்கு சுவிட்சின் பக்கம் போன என் கையைத் தட்டிவிட்டு, சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு வந்து, மூச்சு வாங்க, "வாசல்லயே மூஞ்சியில அடிச்சுது. நீங்க அதுக்குள்ளயே உக்காந்துட்டிருந்தீங்க. என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள். தூங்கிவிட்டேன் என்றேன். "பேப்பரு கையில இருந்துச்சு" என்றாள். அப்புறம் சொன்னேன். அவள் அழவில்லை. ராத்திரி சாப்பாடு போடும்போது மட்டும் கேட்டாள்: "கடையில?" கடையில் என்ன என்றேன். "கடையில யாருக்காச்சும் தெரியுமா? பெட்ரோல்ல வேலை செய்யறீங்க. கபூர் பாய்கிட்டயாச்சும் சொல்லிப்போடுங்க." சொல்றேன் என்றேன். நாளைக்குச் சொல்றேன். நாலு மாசமாக நாளைக்குத்தான்.

கபூர் பாய்க்குத் தெரியாது. அவர் ஒயரிங் பார்ப்பவர், எனக்கு ஒன்பது வருஷம் சின்னவர், என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் சொல்லாமலே அவரை வைத்துத்தான் இந்த எட்டு மாசத்தை ஓட்டியிருக்கிறேன். பெட்ரோல் வேலை எது முடிந்தாலும், "பாய், இந்த ஒயரைக் கொஞ்சம் பாருங்க" என்று ஏதாவது சாக்குச் சொல்லி அவரைக் கூப்பிடுவேன். அவர் குனிவார். நான் ஒயரைப் பார்க்க மாட்டேன், அவர் முகத்தைப் பார்ப்பேன். ஒழுகல் இருந்தால் அவருடைய இடது புருவம் லேசாக ஏறும், மூக்கு விரியும். "வாடை அடிக்குதே மாஸ்டர்?" என்பார். "ஆமா பாய், அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்" என்பேன். முகம் அசையாமல் இருந்தால் வண்டியை வெளியே விட்டுவிடுவேன். ஒரு மனுஷனின் முகத்தைக் கருவி மாதிரி உபயோகித்துக்கொண்டிருக்கிறேன், அவருக்கே தெரியாமல். இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். ஆனால் இன்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்கு அவர் தொழுகைக்குக் கிளம்பும்போது நான் டேங்க்குக்கு அடியில் கிடந்தேன், ஹோஸ் இன்னும் ஏறவில்லை. "ரெண்டு மணிக்கு வந்துடறேன் மாஸ்டர்" என்று அவருடைய செருப்பு சொல்லிவிட்டுப் போவது மாதிரிக் கீழேயிருந்து பாதம் மட்டும் தெரிந்தது. பரவாயில்லை, வண்டிக்காரம்மா நாலு மணிக்குத்தான் வருவார். ரெண்டு மணிக்குப் பாய் வருவார். குனிவார். நான் பார்ப்பேன். அது வரைக்கும் வண்டி இங்கேயே நிற்கும். நிற்கட்டும். அவசரம் ஒன்றும் இல்லை.

மின்கசிவு. ரெண்டு மாசம் முன்னால் பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் வேன் தீப்பிடித்தது, மின்கசிவு காரணமாக இருக்கலாம். இருக்கலாம் என்பதை விட்டுவிட்டு மின்கசிவை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். கறிவேப்பிலை ஏற்றுகிற பழைய பெட்ரோல் வேன், சின்னராசுவுடையது, புளியம்பட்டிக்காரன், முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். அது எரிவதற்கு நாலு நாள் முன்னால் அதன் பெட்ரோல் ஹோஸை மாற்றிக் கொடுத்தது நான். அன்றைக்குக் கபூர் பாய் இல்லை, மகள் வீட்டு விசேஷத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தார். நான் விரலால் தடவிப் பார்த்தேன். துணியால் ஒற்றிப் பார்த்தேன். கிளிப்பை இறுக்கினேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரைக் கால் சுற்று கூடவே திருப்பினேன். திருப்பினேனா? திருப்பினேன். ஒயர் வேலை நான் தொடவேயில்லை. பழைய வண்டி, எலி கடித்திருக்கும், ஒயர் உரசியிருக்கும், மின்கசிவுதான். அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருந்தால் இதை நம்பியே இருந்திருப்பேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். ரெண்டு கையும் கட்டுக்குள் இருந்தது, கழுத்து வரைக்கும் மருந்து. அந்த வார்டுக்குள் நுழைந்த எல்லாரும் துண்டை எடுத்து மூக்கில் வைத்தார்கள், நான் மட்டும் ஒன்றுமே இல்லாத மாதிரி நடந்து போனேன். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தான். "எடுத்துட்டுப் போன அன்னிக்கே வாசம் வந்துச்சுங்ணா. நீங்க இப்பத்தான பார்த்தீங்க, சிந்துனதா இருக்கும்னு விட்டுப்போட்டேன்." இதைக் குற்றமாகச் சொல்லவில்லை அவன். என்ன செய்யலாம் என்று மெக்கானிக்கிடம் கேட்கிற மாதிரிதான் சொன்னான். பக்கத்தில் இருந்த அவன் சம்சாரம், "உங்களைப் பத்தி நல்லா சொல்லுவாருங்க" என்றது. பதினோராம் நாள் போய்விட்டான். சவ எடுப்புக்கு நான் போகவில்லை. அன்றைக்கு வேலை இருந்தது. இருந்ததா? ஒரு ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றினேன். நீங்க இப்பத்தான பார்த்தீங்க. இப்பத்தான. நீங்க. இந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்லவில்லை, சாந்தாமணியிடம்கூட. அது என்னிடமும் செத்தவனிடமும் மட்டும் இருக்கிறது. அவன் சொல்லப் போவதில்லை. கால் சுற்று கூடத் திருப்பினேன். மின்கசிவு.

"ஏனுங் வெள்ளிங்கிரி, உள்ள இருக்கறீங்களா?" சுலோசனா அம்மாவின் குரல். வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். மணி ஒன்றுகூட ஆகவில்லை. அவர் நீலக் காட்டன் சேலையில், தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி நின்றார். இந்த வண்டி அவர் வீட்டுக்காரருடையது, பஞ்சு மில் வைத்திருந்தவர், போன வருஷம் பங்குனியில் தவறிப்போனார். "நாலு மணிக்கு எமகண்டம் ஓடிட்டிருக்குமுங்க. மொத மொத எடுக்கறேன், அதுல எதுக்குன்னு இப்பவே வந்துட்டேன். முடிஞ்சுதுங்களா?" இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமுங்கம்மா என்று சொல்லியிருக்கலாம். ஒரு நட்டு பாக்கி, பாய் வரட்டும், ஒயர் ஒன்று பார்க்கணும். ஆயிரம் சாக்கு வாய்க்குள் இருந்தது, எட்டு மாசமாகச் சாக்கு சொல்லியே பிழைத்த வாய் இது. ஆனால் அவர் மட்கார்டின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "அறுபத்திமூணு வயசுல லைசென்ஸ் எடுத்தேன், தெரியுங்களா? அவரு இருந்த வரைக்கும் ஸ்டியரிங்கத் தொட உட்டதில்லை. பக்கத்துல உக்காந்து பெட்ரோல் வாடையில தலைவலியோட வர்றதுதான் என்ற வேலை. அந்த வாடை போயிருச்சுங்களா?" நான் டிக்கிப் பக்கம் போனேன். குனிந்தேன். இழுத்தேன். யோசித்தேன். "சுத்தமாப் போயிருச்சுங்கம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது. அவர் சாவிக்குக் கையை நீட்டினார், கொடுத்தேன், கொடுத்த கை காற்றிலேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம், "மொத தடவைங்க, ஒரு ரவுண்டு நானும் வர்றனுங்க" என்றேன். அதுவே பெரிய யோக்கியம் மாதிரி அந்த நேரத்தில் தோன்றியது. எரிந்தால் நானும் எரிவேன் என்று ஒரு நியாயம். அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டா எரிகிறேன்?

சத்தி ரோட்டில் ஏறினோம். கணபதி தாண்டினதும் பங்கில் நிறுத்தி டேங்க்கை நிரப்பச் சொன்னார். பத்து லிட்டருக்கு ஹோஸ் காய்ந்திருந்தது சரி, வாய் வரைக்கும் நிரம்பினால்? பெட்ரோல் போடுகிற பெண்ணின் முகத்தைப் பார்த்தேன், அது பெட்ரோலுக்குள்ளேயே நிற்கிற முகம், ஒன்றும் சொல்லவில்லை. சரவணம்பட்டி நெரிசலில் கியர் மாற்றத் திணறினார், சிரித்தார், ரெண்டு பேர் செல்போனில் வண்டியைப் படம் பிடித்தார்கள், அவர் கையாட்டினார். நான் ரோட்டைப் பார்க்கவில்லை. அவருடைய மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்த இடது பக்கம் ஒரு வைர மூக்குத்தி, அதற்குக் கீழே விளிம்பு, அது விரிகிறதா, விரிகிறதா. கண்ணாடியை இறக்கிவிட்ட பக்கத்திலிருந்து காற்று வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது, காற்று இருக்கிற வரைக்கும் வாடை தெரியாது, நின்றால் தெரியும், நிற்காமல் இருக்கட்டும், ஓடிக்கொண்டே இருக்கட்டும், சத்தியமங்கலம் வரைக்கும் மலைமேல் மைசூர் வரைக்கும் ஓடட்டும். "ஏனுங், பயமா இருக்குதுங்களா? என்னையே பார்க்கறீங்க" என்றார். இல்லீங்கம்மா என்றேன். கோவில்பாளையம் தாண்டி ஒரு வளைவு வந்தது. கொஞ்சம் வேகமாகவே திருப்பினார், வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. முன்னால் மாடு ஒன்று குறுக்கே வர, பிரேக் போட்டு ஊர்ந்தார். அப்போது மூக்குத்தி அசைந்தது. அவர் முகம் சுருங்கியது. "வெள்ளிங்கிரி, வாடை வருதுங்களா?"

புது ரப்பருங்கம்மா, ரெண்டு நாள்ல போயிரும். இந்தப் பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. நான் செய்யவேண்டியதெல்லாம் வாயைத் திறப்பது மட்டும்தான், அதுவே வெளியே வந்துவிடும், அவர் நம்புவார், நான் பார்த்துவிட்டேனே, நான்தானே பார்த்தேன். "நிறுத்துங்க" என்றேன். "ஓரமா நிறுத்திச் சாவியத் திருப்பிப்போடுங்க. எறங்குங்கம்மா. எறங்கித் தள்ளிப் போங்க." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் இறங்கினார், சேலையைப் பிடித்துக்கொண்டு இருபதடி ஓடினார். நான் டிக்கியைத் திறந்தேன். மூக்குக்கு ஒன்றும் இல்லை, வெயிலில் வெறும் சில்லிப்பு. கண்ணுக்குத் தெரிந்தது. ஹோஸ் டேங்க் வாயில் ஒரு பக்கம் முழுசாக இறங்காமல் கோணலாக ஏறியிருந்தது, கிளிப் அந்தக் கோணலின் மேலேயே இறுகியிருந்தது. நிறைந்த டேங்க் வளைவில் அலைந்தபோது அந்த இடுக்கு வழியாகப் பெட்ரோலை வெளியே தள்ளியிருக்கிறது. டிக்கியின் மூலையில் ஒரு சொம்பு பெட்ரோல் தேங்கி நின்றது. பிரேக்கை மிதித்தால் எரிகிற பின் விளக்கின் ஒயர் அந்தத் தேக்கத்துக்குள் கிடந்தது. மாட்டுக்காக அவர் மிதித்தார். நிறுத்தச் சொன்னபோது இன்னொரு தடவை மிதித்தார். இரண்டு தடவை. வண்டியை விட்டு விலகி ரோட்டோரம் வந்து மண்ணில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பக்கத்தில் வந்து நின்றார். "இங்க வரைக்கும் அடிக்குது. கிளம்பறப்ப உங்களுக்குத் தெரியலையா?" "தெரியாதுங்கம்மா. எனக்கு வாசம் தெரியாது. எட்டு மாசமாச்சு." அவர் புரியாமல் பார்த்தார். "மோந்து பார்த்தீங்களே." "பார்க்கற மாதிரி பண்ணினேனுங்க." திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. முகத்தில் வேர்வையைத் துடைத்தார். பெரிய மனுஷி, நல்ல மனுஷி, அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு ஆறுதல் தேடிக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. "சரி, உடுங்க. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை" என்றார். அந்த வார்த்தையோடு விட்டிருக்கலாம். தலையாட்டினால் போதும். "ஆயிருச்சுங்கம்மா" என்றேன். சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன், வேன், ஹோஸ், கால் சுற்று, வார்டு, அவன் சொன்ன வாக்கியத்தை அவன் குரலிலேயே சொன்னேன். மின்கசிவு என்கிற சொல்லைச் சொல்லவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன, சில இடத்தில் நிறுத்தி, சத்தம் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அவர் ஓரடி பின்னால் நகர்ந்திருந்தார். எப்போது நகர்ந்தார் என்று கவனிக்கவில்லை. "அவங்க சம்சாரம் இருக்குதா?" "இருக்காங்க. ஒரு பொண்ணும் இருக்குது." "சம்சாரம் பேரென்ன?" யோசித்தேன். "தெரியாதுங்க." "ஆஸ்பத்திரியில உங்ககிட்டப் பேசுச்சுன்னு சொன்னீங்க." "பேசுச்சுங்க. பேரு கேக்கலை." அவர் வண்டியைப் பார்த்தார், வீட்டுக்காரருடைய வண்டி, டிக்கி திறந்தபடி வெயிலில் நின்றது. "இதை எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆகப்போகுது? போய் அந்தப் பேரைக் கேட்டுட்டு வாங்க. அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசலாம்." குரலில் கோபம் இல்லை, முன்பிருந்த எதுவும் இல்லை. செல்போனை எடுத்துக் கபூர் பாயைக் கூப்பிட்டார். "ஆமாங்க பாய், கோவில்பாளையம் தாண்டி. வண்டியைக் கட்டி இழுக்கோணும். இல்லீங்க, அவரு வரமாட்டாரு. அவரு எங்கியோ போகோணும்."

சத்தி பஸ் வந்தது. கையைக் காட்டினேன், நின்றது. புளியம்பட்டிக்கு டிக்கெட் வாங்கினேன். கூட்டம் இல்லை, ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்தப் பச்சை வண்டியும் தலையில் துணி கட்டிய அந்த அம்மாவும் சின்னதாகிக்கொண்டே போவது தெரியும் என்று உள்பக்கம் உட்கார்ந்தேன். சாந்தாமணிக்குப் போன் பண்ணலாமா? வந்து சொல்லிக்கொள்ளலாம். வந்தால். போலீஸ் என்பார்கள், அடிப்பார்கள், அவன் அண்ணன் தம்பி இருப்பார்கள். அடிக்காமல் விட்டால்தான் என்ன செய்வதென்று தெரியாது. என்ன சொல்லி ஆரம்பிப்பது? நான்தானுங்க மாட்டினது. இல்லை, முதலில் பேர். பேரென்னம்மா என்று கேட்க வேண்டும், துக்க வீட்டில் ஆறு வாரம் கழித்து வந்து பேர் கேட்கிற ஆளை எப்படிப் பார்ப்பார்கள்? பார்க்கட்டும். வாசலில் நின்றபடியே சொல்லிவிட வேண்டும். வாங்க, உக்காருங்க என்று சொல்லும் அந்தப் பெண். தண்ணீர் கொண்டு வரும். உட்கார்ந்துவிட்டால் நான் சொல்ல மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். கண்டக்டர் அன்னூர் அன்னூர் என்று கத்தினார், நாலு பேர் இறங்கினார்கள், நானும் பாதி எழுந்துவிட்டேன், திரும்பிப் போகிற பஸ் எதிரில்தான் நின்றது. கம்பியைப் பிடித்தபடி நின்றேன். பஸ் கிளம்பியது. நான் மறுபடி உட்காரவில்லை, புளியம்பட்டி வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.